முனைக்கும் சாம்பிளுக்கும் நடுவே: அண்மைப்புல நுண்ணோக்கியின் இடைவெளி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஆய்வகத்து அண்மைப்புல ஒளி நுண்ணோக்கியைப் பார்த்துக்கொள்ளும் வேலை சில வருடங்களாக என் தலையில்தான். புதிதாக வரும் மாணவர்கள் ஒளியைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று ஒவ்வொரு வருடமும் நினைப்பேன். ஆனால் எங்கே ஆரம்பித்தாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: முனைக்கும் சாம்பிளுக்கும் நடுவே இருக்கிற அந்தச் சில நானோமீட்டர். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே நோட்டில் குறித்துவைத்திருந்தேன். அதுதான் இது.

எங்களுடையது துளை வகைக் கருவி. கூராக இழுத்த ஒளியிழை, பக்கங்களில் அலுமினியப் பூச்சு, நுனியில் 80 நானோமீட்டர் அளவில் ஓர் ஓட்டை. லேசர் இழை வழியாக வந்து அந்த ஓட்டையில் எட்டிப் பார்க்கும். வேறு வகையைப் பற்றிப் பேசும்போது அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

சாதாரண மைக்ராஸ்கோப்பிலேயே லென்ஸை இன்னும் நன்றாகச் செய்தால் போதாதா? எதற்கு இந்த ஊசி?

குறை லென்ஸில் இல்லை. எவ்வளவு நேர்த்தியான லென்ஸாக இருந்தாலும், ஏறக்குறைய அரை அலைநீளத்துக்குக் கீழே உள்ள விவரம் கலங்கிவிடும் என்று எர்ன்ஸ்ட் ஆபே 1873-லேயே சொல்லிவிட்டார். பச்சை ஒளிக்கு அது 200 முதல் 250 நானோமீட்டர். அதைவிடச் சின்ன விவரத்தைத் தாங்கிய புலம் சாம்பிளின் மேற்பரப்பை ஒட்டியே இருந்துவிடும். லென்ஸ் வரை பயணம் செய்யாது. அதைத்தான் அண்மைப்புலம் என்கிறோம். அது வராவிட்டால் நாம்தான் போக வேண்டும். ஊசி அதற்குத்தான்.

யோசனை பழையது. அயர்லாந்துக்காரர் எட்வர்ட் ஹட்சின்சன் சிங், ஐன்ஸ்டைனுக்குக் கடிதம் எழுதிக் கருத்துக் கேட்டுவிட்டு, 1928-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்: ஒளி புகாத தகட்டில் 10 நானோமீட்டர் ஓட்டை போடு, சாம்பிளுக்கு அதே 10 நானோமீட்டர் பக்கத்தில் கொண்டுபோ, புள்ளி புள்ளியாக நகர்த்து. 1972-ல் லண்டனில் ஆஷும் நிக்கல்ஸும் 3 சென்டிமீட்டர் மைக்ரோ அலையை வைத்து, அலைநீளத்தில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்துக் காட்டினார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அதைச் செய்ய 1984 ஆகிவிட்டது. சூரிக் ஐபிஎம்மில் டீட்டர் போல் குழுவும், கார்னெலில் ஆரன் லூயிஸ் குழுவும். அரை நூற்றாண்டுக்கு மேல் இது காகிதத்திலேயே கிடந்ததற்கு முக்கியக் காரணம் ஒளியியல் அல்ல. ஒரு பொருளை இன்னொன்றுக்கு 10 நானோமீட்டர் பக்கத்தில் கொண்டுபோய், இடிக்காமல் நிறுத்தி, அப்படியே நகர்த்த யாருக்கும் கை வரவில்லை.

கொஞ்சம் தள்ளி வைத்தால்தான் என்ன? 50 நானோமீட்டர் எல்லாம் ஒரு தூரமா?

நமக்கு இல்லை, அந்தப் புலத்துக்கு அது வெளியூர். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். சாம்பிளில் 50 நானோமீட்டருக்கு ஒன்றாகக் கோடுகள் இருக்கின்றன என்று வையுங்கள். அந்தக் கோடுகளின் விவரத்தைத் தாங்கும் புலம், மேற்பரப்பிலிருந்து விலக விலக அடுக்குக்குறி வேகத்தில் தேயும். கோட்டு இடைவெளியை 2π-யால் வகுத்தால் வரும் தூரத்தில் புலம் 37 சதவீதமாகிவிடும். 50-ஐ வகுத்தால் சுமார் 8 நானோமீட்டர். புலத்தின் வர்க்கமே செறிவு. ஆகவே 8 நானோமீட்டரில் செறிவு 13 சதவீதம், 16 நானோமீட்டரில் 2 சதவீதத்துக்கும் கீழே. 50-க்குப் போய்விட்டால் அந்தக் கோடுகள் இருந்ததற்கே அடையாளம் இருக்காது.

வெளிச்சம் அப்போதும் வந்துகொண்டேதான் இருக்கும். அதுதான் புதியவர்களை ஏமாற்றுவது. டிடெக்டரில் எண்ணிக்கை குறையாமல் ஓடும், படமும் திரையில் வரும், ஆனால் அதில் நுணுக்கம் இருக்காது.

சரி, எத்தனை நானோமீட்டரில் வைக்க வேண்டும்? ஓர் எண் சொல்லுங்கள் அக்கா.

ஓட்டையின் ஆரத்தைவிடக் குறைவாக. 80 நானோமீட்டர் ஓட்டை என்றால் 40-க்குள். நடைமுறையில் 5 முதல் 20-க்குள் ஓட்டுகிறோம். அந்த எண்ணைவிட முக்கியமானது அது ஸ்கேன் முழுக்க மாறாமல் இருப்பது. 10-ல் நிலையாக நின்ற படத்தை நம்பலாம். 5-க்கும் 15-க்கும் நடுவே ஊசலாடிய படத்தை நம்ப முடியாது. அது சாம்பிளின் படமா ஊசலின் படமா என்று யாருக்குத் தெரியும்?

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் பல கேள்விகளுக்கு இதுதான் பதில்: இந்தக் கருவி தூரத்தை அளப்பதே இல்லை. திரையில் நானோமீட்டர் என்று போட்டிருப்பது பீசோவுக்கு (வோல்ட்டேஜ் கொடுத்தால் நீண்டு சுருங்கி முனையை நகர்த்தும் பொருள்) கொடுத்த வோல்ட்டேஜிலிருந்து கணக்கிட்ட நகர்வு. முனைக்கும் சாம்பிளுக்கும் நடுவே எவ்வளவு இருக்கிறது என்பது எங்கும் எழுதியிருக்காது.

வரும் வெளிச்சத்தையே வைத்துத் தூரத்தைக் கட்டுப்படுத்தினால் என்ன? தனியாக ஒரு சென்சார் எதற்கு?

முனை கிட்டே போனதால் வெளிச்சம் கூடியதா, சாம்பிளில் அந்த இடமே பளிச்சென்று இருப்பதாலா என்று பிரிக்க முடியாது. எதைப் படம் எடுக்கிறோமோ அதையே அளவுகோலாக வைத்தால் ஃபீட்பேக் வேலை செய்யச் செய்ய படம் அழிந்துகொண்டே வரும். வெளிச்சம் கூடினால் முனையைத் தூக்கு, குறைந்தால் இறக்கு என்று அது சமன் செய்துகொண்டே இருக்கும் அல்லவா?

அதனால் ஒளியோடு சம்பந்தமில்லாத வேறொரு தகவல் வேண்டும். 1986-ல் போல் குழு சுரங்க மின்னோட்டத்தை (மிக நெருங்கிய இரண்டு கடத்திகளுக்கு நடுவே, தொடாமலேயே பாயும் மின்னோட்டம்) வைத்துச் செய்து பார்த்தது. அது துல்லியமானதுதான், ஆனால் மின்சாரம் கடத்தும் சாம்பிளுக்கு மட்டும். கண்ணாடி, பாலிமர், செல் எதற்கும் ஆகாது.

ஷியர் விசை, ஷியர் விசை என்கிறீர்களே, அது என்ன?

முனையை மேலும் கீழுமாக அல்லாமல், பக்கவாட்டில் மிக மெல்ல ஆட்டுகிறோம். ஓரிரு நானோமீட்டர் வீச்சு, சில நேரம் அதற்கும் குறைவு. அதன் ஒத்ததிர்வு அதிர்வெண்ணிலேயே ஆட்டினால், காற்றில் தனியாக நிற்கும்போது நன்றாக ஆடும். சாம்பிளை நெருங்கி 20 நானோமீட்டர் அளவுக்குள் வந்ததும் ஆட்டம் தளரத் தொடங்கும், தொடும் இடத்தில் ஏறக்குறைய நின்றுவிடும். ஆட்டத்தைத் தளர்த்தும் அந்தப் பக்கவாட்டு விசைதான் ஷியர் விசை. அந்தத் தளர்வைத்தான் தூரத்துக்குப் பதிலாக வைத்துக்கொள்கிறோம்.

1992-ல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதை வெளியிட்டன: பெல் ஆய்வகத்தில் எரிக் பெட்சிக்கும் கூட்டாளிகளும், இன்னொரு பக்கம் டோலிடோ-க்ரோவும் கூட்டாளிகளும். அப்போது முனையின் ஆட்டத்தை அளக்க இன்னொரு லேசரை முனைமேல் அடித்து அதன் நிழலைப் பார்த்தார்கள். அந்த லேசரின் சிதறல் ஒளி டிடெக்டருக்குள் நுழைந்து படுத்தும். தவிர, ஒவ்வொரு முனை மாற்றும்போதும் அதைத் திரும்ப நேர்ப்படுத்த வேண்டும்.

கைக்கடிகாரக் கிரிஸ்டலை வைத்தா இவ்வளவு பெரிய கருவி ஓடுகிறது? உண்மையாகவா?

உண்மையாகத்தான். குவார்ட்ஸ் கடிகாரத்துக்குள் இருக்கும் சின்ன உலோக உருளையை உடைத்தால், உள்ளே குவார்ட்ஸில் வெட்டிய ஒரு குட்டி இசைக்கவை இருக்கும். இரண்டு கிளைகள், ஒவ்வொன்றும் 4 மில்லிமீட்டர் நீளம். நொடிக்கு 32,768 முறை ஆடும். 2-ஐ 15 முறை பெருக்கினால் வரும் எண், பாதி பாதியாகக் குறைத்தால் சரியாக ஒரு நொடி கிடைக்கும் என்பதற்காகக் கடிகாரக்காரர்கள் தேர்ந்தெடுத்தது. காரய், க்ரோபர் இருவரும் 1995-ல் இதன் ஒரு கிளையில் ஒளியிழையை ஒட்டி ஷியர் விசையை அளந்தார்கள். குவார்ட்ஸ் பீசோமின் பொருள், ஆடும்போது அதுவே மின்சாரத்தைக் கொடுக்கும். இரண்டாவது லேசரே வேண்டாம். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள், ஆப்டிகல் பெஞ்சில் பாதியைக் காலி செய்துவிட்டது.

உருளையை உடைப்பதற்கு ஒரு வழி: கால் கம்பிகள் இருக்கும் கண்ணாடி அடிப்பகுதிக்குச் சற்று மேலே, சின்னக் கட்டரால் சுற்றிச் சுற்றி லேசாகக் கீறி, பிறகு இழுங்கள். குறடால் நசுக்கினால் கவையும் சேர்ந்து நசுங்கும். உள்ளே வெற்றிடம், அதனால் திறந்ததும் அதிர்வெண் சில ஹெர்ட்ஸ் இறங்கும், ஒத்ததிர்வுக் கூம்பும் (அதிர்வெண்ணை மாற்றி மாற்றி வீச்சை வரைந்தால் வரும் மேடு) கொஞ்சம் அகலமாகும். பயப்பட வேண்டாம்.

இழையை ஒட்டினதும் கியூ மதிப்பு படுத்துவிட்டது. நான் என்ன தப்பு செய்தேன்?

அநேகமாகப் பசை அதிகம். கியூ என்பது ஒத்ததிர்வுக் கூம்பு எவ்வளவு ஒல்லி என்பதற்கான எண். அதிர்வெண்ணைக் கூம்பின் அகலத்தால் வகுத்தால் வரும். திறந்த கவைக்குக் காற்றில் பத்தாயிரம் அளவில் இருக்கும். இழையை ஒட்டியதும் சில நூறுக்கு வந்துவிடும், அது இயல்பு. நூறுக்கும் கீழே போனால்தான் கவலை. இசைக்கவை நன்றாக ஆடுவதற்குக் காரணம் இரண்டு கிளைகளும் எதிரெதிராக, ஒரே எடையில் ஆடுவது. அடிப்பகுதி அசையாமல் இருக்கும், சக்தி வெளியே கசியாது. ஒரு கிளையில் மட்டும் இழையும் பசையும் ஏற்றினால் அந்தச் சமநிலை போய்விடுகிறது.

நான் செய்வது இப்படி. இழையைக் கவைக் கிளையின் பக்கவாட்டில் படுக்க வைத்து, முனை கிளைக்கு வெளியே அரை மில்லிமீட்டர் நீளும்படி நிறுத்துவேன். ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் நீட்டிய பகுதி தனி ஆட்டம் போடும், கவை நிற்கும்போதும் முனை ஆடிக்கொண்டிருக்கும். பசைக்குக் கம்பியின் நுனியை எப்பாக்ஸியில் தொட்டு, அதைக் கண்ணாடித் துண்டில் ஒருமுறை துடைத்துவிட்டு, மிச்சம் ஒட்டியிருப்பதை மட்டும் வைப்பேன். பார்த்தால் இது எப்படிப் பிடிக்கும் என்று தோன்ற வேண்டும், அதுதான் சரியான அளவு. காய்ந்ததும் அதிர்வெண்ணை வருடிப் பாருங்கள். ஒரே கூம்பு என்றால் சரி. இரண்டு கூம்பு வந்தால் இழை எங்கோ ஒட்டாமல் தொங்குகிறது.

மற்றக் கிளையிலும் அதே அளவு எடை வைத்துச் சமன் செய்தால் கியூ ஏறும். பொறுமை இருந்தால் செய்யலாம். எனக்கு இருப்பதில்லை.

கியூ எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது, இல்லையா?

உணர்திறனுக்கு நல்லது, வேகத்துக்குக் கெட்டது. கியூ அதிகமான கவை கோயில் மணி மாதிரி. அடித்தபின் ரீங்காரம் அடங்க நேரமாகும். முனை ஒரு மேட்டைச் சந்தித்தாலும் வீச்சு உடனே குறையாது. அடங்கும் நேரம் என்பது கியூவை அதிர்வெண்ணாலும் π-யாலும் வகுத்தது. கியூ 600, அதிர்வெண் 32,000 என்றால் சுமார் 6 மில்லிநொடி. கியூ 20,000 என்றால் 0.2 நொடி.

6 மில்லிநொடியைப் போல மூன்று மடங்கு காத்திருந்தால் ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய 20 மில்லிநொடி. 256-க்கு 256 படத்தில் 65,536 புள்ளிகள். ஒரு திசைக்கே 22 நிமிடம். ஸ்கேன் ஏன் இவ்வளவு மெதுவாக ஓடுகிறது என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். வெற்றிடத்திலோ குளிரூட்டியிலோ கியூ மிக அதிகமாகிவிடும்போது வீச்சைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒத்ததிர்வு அதிர்வெண் எவ்வளவு நகர்ந்தது என்று பார்ப்பார்கள். அதிர்வெண் நகர்வு மணி அடங்கும்வரை காத்திருக்காது.

செட்பாயிண்ட், கெயின் இரண்டையும் எப்படி வைப்பது? சாஃப்ட்வேர் சொன்னபடியே விட்டுவிடலாமா?

வேண்டாம். சாஃப்ட்வேருக்கு உங்கள் பசையின் அளவு தெரியாது. செட்பாயிண்ட் என்பது ஆட்டம் எவ்வளவு தளர்ந்தால் போதும் என்பது. காற்றில் உள்ள வீச்சில் 90 சதவீதம் என்று ஆரம்பியுங்கள். மெல்லிய சாம்பிளுக்கு 95. வீச்சு அதற்குக் கீழே போனால் பீசோ முனையைத் தூக்கும், மேலே போனால் இறக்கும். செட்பாயிண்டைக் குறைத்தால் இன்னும் நெருங்கும், படம் கூர்மையாகும், முனையும் சீக்கிரம் மழுங்கும்.

அப்ரோச், அதாவது முனையைச் சாம்பிளை நோக்கி இறக்குவது, ஆரம்பிக்கும் முன் காற்றில் உள்ள வீச்சைப் புதிதாக அளந்துகொள்ளுங்கள். முதல் வருடம் நான் காலையில் அளந்த எண்ணை மாலையில் பயன்படுத்தினேன். அதற்குள் வீச்சு கால் பங்குக்கும் மேல் கூடிவிட்டிருந்தது, செட்பாயிண்ட் உண்மையில் 70 சதவீதமாகிவிட்டது. முனை போய் உட்கார்ந்த இடத்தில் அலுமினியம் பூவாக விரிந்திருந்ததை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தேன்.

கெயின் என்பது ஃபீட்பேக் எவ்வளவு வேகமாகப் பதில் தர வேண்டும் என்பது. அதற்குக் காதே போதும். மெதுவாக ஏற்றிக்கொண்டே போங்கள். ஓர் இடத்தில் பிழைச் சமிக்ஞை (வீச்சு செட்பாயிண்டிலிருந்து எவ்வளவு விலகியது என்பது) நடுங்கத் தொடங்கும்; சில கருவிகளில் பீசோ கீச்சென்று கத்துவதே கேட்கும். அங்கிருந்து மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுங்கள். கியூ மாறினால் இந்த இடமும் மாறும், முனை மாற்றும்போதெல்லாம் திரும்பச் செய்ய வேண்டும்.

அப்ரோச் முடிந்தது என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. ஆனால் முனை சாம்பிள் கிட்டவே இல்லை போலிருக்கிறதே?

முன்பே சொன்னேன், கருவிக்குத் தெரிந்ததெல்லாம் ஆட்டம் தளர்ந்தது என்பது மட்டும்தான். எதனால் தளர்ந்தது என்று அதற்குத் தெரியாது. ஏசியின் காற்று, அறை வெப்பம் மாறி ஒத்ததிர்வு நகர்ந்தது, ஒரு தூசி, ஒட்டு விட்டுப்போனது, எல்லாமே அதற்குச் சாம்பிள்தான்.

சோதிக்க, அந்த இடத்திலேயே முனையை 100 நானோமீட்டர் தூக்கி இறக்கி, வீச்சை வரையுங்கள். உண்மையான மேற்பரப்பு என்றால் வீச்சு தட்டையாக வந்து கடைசி 10, 20 நானோமீட்டரில் விழும். தூக்கும்போது அதே வழியில் திரும்பும். நூறு நானோமீட்டர் முழுக்கச் சாய்வாக இறங்கினால் அது தூசி, ஈரம், அல்லது முனைக்குப் பதில் இழையின் தோள் எங்கோ உரசுகிறது. வீச்சு மாறவே இல்லையென்றால் நீங்கள் இன்னும் காற்றில்தான் இருக்கிறீர்கள். வெளிச்சத்தையும் கூடவே வரைந்தால் இன்னும் நல்லது. கண்ணாடியை நோக்கி முனை இறங்கும்போது வெளிச்சம் மெல்ல அலை அலையாக ஏறி இறங்கும், கடைசியில் மட்டும் சட்டென்று ஏறும். அந்தச் சட்டென்ற ஏற்றம்தான் அண்மைப்புலம்.

அந்த விசை எங்கிருந்து வருகிறது? முனை சாம்பிளைத் தொடுகிறதா இல்லையா?

இதை வைத்துப் பல வருடம் சண்டை போட்டிருக்கிறார்கள். ஒரு கட்சி, காற்றில் உள்ள ஈரம் எல்லா மேற்பரப்பிலும் மெல்லிய நீர்ப்படலமாகப் படிந்திருக்கிறது, முனை அதில் இழுபடுகிறது என்றது. இன்னொரு கட்சி, முனை சரியான கிடைக்கோட்டில் ஆடுவதில்லை, சற்றுச் சாய்ந்து ஆடும்போது ஒவ்வொரு சுற்றிலும் மேற்பரப்பை லேசாகத் தட்டுகிறது என்றது. வெற்றிடத்திலும் குளிர்நிலையிலும் ஷியர் விசைக் கட்டுப்பாடு வேலை செய்கிறது, ஆகவே நீர்ப்படலம் மட்டுமே காரணமாக இருக்க முடியாது. மின்னூட்டத்துக்கும் பங்கு உண்டு. என் அனுபவத்தில் ஒரே ஒரு காரணம் என்று தேடுவது வீண். சாம்பிளையும் முனையையும் பொறுத்து கலவை மாறுகிறது.

உங்கள் வேலைக்கு முக்கியமானது இதன் விளைவு. மழைக்காலத்தில், அதே செட்பாயிண்டில், முனை நிற்கும் உயரம் வெயில்காலத்து உயரமாக இருக்காது. ஒரே சாம்பிளில் நீர் ஒட்டும் பகுதியும் ஒட்டாத பகுதியும் இருந்தால், முற்றிலும் சமதளமாக இருந்தாலும் மேடுபள்ளப் படத்தில் படி தெரியும். அது உயரம் அல்ல, உராய்வின் வித்தியாசம்.

ராத்திரி எடுத்தால் நன்றாக வருகிறது, பகலில் வரவே மாட்டேன் என்கிறது. ராசியா?

வெப்பம். அலுமினியம் ஒரு டிகிரிக்கு மில்லியனில் 23 பங்கு நீளும். 5 சென்டிமீட்டர் தாங்கி ஒரு டிகிரிக்கு ஒரு மைக்ரோமீட்டருக்கும் மேல் நீளும். டிகிரியில் நூறில் ஒரு பங்குக்கே 11 நானோமீட்டர். அதாவது நாம் காப்பாற்ற நினைக்கும் இடைவெளி முழுக்க. வெப்பத்தில் அதிகம் நீளாத இன்வார் என்ற இரும்பு-நிக்கல் கலவை என்றால் அதில் இருபதில் ஒரு பங்குதான். செங்குத்து நகர்வை ஃபீட்பேக் சரிக்கட்டிவிடும், பீசோவின் எல்லை தீரும்வரை. பக்கவாட்டு நகர்வைச் சரிக்கட்ட யாரும் இல்லை, அதுதான் படத்தில் வட்டங்களை முட்டையாக்குகிறது. சாம்பிளை வைத்ததும் ஓடாதீர்கள். மூடியைப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள், சாப்பிட்டுவிட்டு வரலாம்.

மிச்சம் பகலின் சத்தம்: லிஃப்ட், கதவு, மேலே ஓடும் ஃபேன்.

லேசரைக் கூட்டினால் முனை தானாகக் கீழே இறங்குகிறதே?

இறங்கவில்லை, நீளுகிறது. இழை வழியே வரும் ஒளியில் ஓட்டையைத் தாண்டுவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு, அதற்கும் குறைவாகவும் இருக்கும். மிச்சம் திரும்பிப் போகிறது அல்லது அலுமினியத்தில் சூடாகிறது. சூட்டில் முனை விரியும். மெதுவாகக் கூட்டினால் ஃபீட்பேக் பின்னாலேயே தூக்கிக்கொள்ளும். ஷட்டரைப் பட்டென்று திறந்தால் முனை இடிக்கும். லேசரை முதலில் திறந்து, சூடு நிலைத்தபின் அப்ரோச் செய்வதே என் வழக்கம். சில மில்லிவாட்டுக்கு மேல் போகாதீர்கள்; பூச்சு உரிந்தால் ஓட்டை பெரிதாகிவிடும். வெளிச்சம் திடீரென்று அமோகமாக வந்தால் சந்தோஷப்படாதீர்கள், முனை போய்விட்டது.

என் ஒளிப்படமும் மேடுபள்ளப் படமும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கின்றன. நல்ல ரிசல்ட்தானே?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன். அநேகமாக அது மோசமான ரிசல்ட். ஃபீட்பேக் முனையை மேடுபள்ளத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்குகிறது. முனை ஏறி இறங்கினாலே டிடெக்டருக்குப் போகும் வெளிச்சம் மாறும், சாம்பிளில் ஒளியியல் வித்தியாசம் எதுவும் இல்லாவிட்டாலும். அப்போது ஒளிப்படம் என்று நீங்கள் பார்ப்பது மேடுபள்ளப் படத்தின் நகல். மேடுபள்ளத்தைப் படிப்பது பூச்சில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு சின்ன அலுமினியத் துகள், அது 20 நானோமீட்டர்கூட இருக்கலாம். அதனால் நகலும் 20 நானோமீட்டர் கூர்மையோடு வரும். 80 நானோமீட்டர் ஓட்டையில் 20 நானோமீட்டர் ஒளிப்படம்! இப்படிப்பட்ட படங்கள் கட்டுரைகளிலும் ஏறிவிட்டிருந்தன. பெர்ட் ஹெக்ட் குழு 1997-ல் இதை விரிவாக அலசி எழுதிய பிறகுதான் எல்லோரும் உஷாரானார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? துருத்திய துகள் ஓட்டையின் நடுவில் இருக்க வாய்ப்பில்லை. விளிம்பில் எங்கோ இருக்கும். ஆகவே உண்மையான ஒளிப்படம் மேடுபள்ளப் படத்திலிருந்து ஒரே திசையில், ஒரே அளவு, ஏறக்குறைய நூறு நானோமீட்டர் வரை தள்ளி நிற்கும். இரண்டும் இம்மி பிசகாமல் பொருந்தினால் சந்தேகப்படுங்கள். இரண்டின் கூர்மையும் ஒன்றாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். அந்தத் துகளால் இன்னொரு தொல்லை: அது தொடும்போது ஓட்டை இன்னும் 20 நானோமீட்டர் மேலே நிற்கிறது. நீங்கள் 5 என்று நினைத்த இடைவெளி 25. இரண்டாவது கேள்வியின் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள்.

தீர்வு, ஃபீட்பேக்கை அணைத்துவிட்டு மாறா உயரத்தில் ஓட்டுவது. முதலில் ஃபீட்பேக்கோடு ஒருமுறை ஓட்டிச் சாய்வைக் கண்டுபிடித்து, சாம்பிளின் மிக உயர்ந்த மேட்டுக்குச் சற்று மேலே அதே சாய்வில் முனையை நகர்த்த வேண்டும். வெப்ப நகர்வு இருந்தால் நடுவிலேயே இடிக்கும், ஆகவே ராத்திரி வேலை. சாம்பிள் சமதளமாக இருப்பதும் முக்கியம். பாலிஸ்டைரீன் உருண்டைகளை ஓர் அடுக்காகப் பரப்பி, இடுக்குகளில் அலுமினியத்தை ஆவியாகப் படிய வைத்து, உருண்டைகளைக் கழுவிவிட்டால் சின்னச் சின்ன முக்கோணங்கள் கிடைக்கும். உயரம் குறைவு, ஒளி வித்தியாசம் அதிகம். புது முனையை நான் இதில்தான் சோதிப்பேன்.

தண்ணீருக்குள் உயிருள்ள செல்லைப் பார்க்கலாமா?

பார்க்கலாம், கஷ்டப்பட்டு. கவை தண்ணீரில் மூழ்கினால் கியூ ஒன்றுமில்லாமல் போகும். முனையை மட்டும் நனைத்தால், ஆவியாகி நீர்மட்டம் இறங்க இறங்கத் தளர்வும் மாறிக்கொண்டே போகும். கருவி அதையும் சாம்பிள் என்றே எடுத்துக்கொள்ளும். 2000-களின் தொடக்கத்தில் ஒரு நல்ல வழி வந்தது: கவையைச் சுற்றிக் கவிழ்த்த டம்ளர் மாதிரி ஒரு மூடி. கவிழ்த்த டம்ளரைத் தண்ணீரில் அமுக்கினால் உள்ளே காற்று நிற்கும் அல்லவா, அதேதான். கவை காற்றில் ஆடும், முனையின் நுனி மட்டும் ஈரத்தில். செல்லின் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி கெட்டியானதல்ல, முனை உணர்வதற்குள்ளேயே அமுங்கும். அங்கே 98 சதவீத செட்பாயிண்ட்கூட அதிக அழுத்தம்தான்.

சிதறல் வகைக் கருவியில் இந்தத் தலைவலி எல்லாம் இல்லையாமே? அதற்கே மாறிவிடலாமா?

அங்கே ஓட்டை இல்லை. ஏஎஃப்எம்மின் (அணுவிசை நுண்ணோக்கி) உலோகம் பூசிய கூர்முனை, மேலும் கீழுமாகச் சில பத்து நானோமீட்டர் வீச்சில் தட்டித் தட்டிப் போகும். முனையிலிருந்து சிதறும் ஒளியைப் பிடிக்கிறார்கள். அண்மைப்புலம் தூரத்தோடு மிக வேகமாகத் தேய்வதால் அதன் பங்கு தட்டும் அதிர்வெண்ணின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கிலும் தெரியும். வேண்டாத பின்னணி ஒளி பெரும்பாலும் அடிப்படை அதிர்வெண்ணிலேயே தங்கிவிடும். தூரத்தின் தேய்வையே வடிகட்டியாக்கிக்கொண்டது எனக்கு மிகவும் பிடித்த தந்திரம்.

தலைவலி இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். முனை அழுத்தித் தட்டினால் அதன் ஆட்டமே சீரான சைன் அலையாக இராது. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வெண்கள் ஆட்டத்திலேயே முளைக்கும். அப்போது பின்னணியும் அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். மறுபடியும் மேடுபள்ளத்தின் நகல். ஃப்ளோரசன்ஸ் பார்ப்பவர்களுக்கு ஓட்டை வகையே இன்னும் வசதி.

பெட்சிக் இதை விட்டுவிட்டுத்தானே நோபல் வாங்கினார்? நாம் மட்டும் ஏன் மாரடிக்கிறோம்?

அவர் அண்மைப்புலத்தின் வரம்புகளில் சலித்துப்போய் பெல் ஆய்வகத்தை விட்டு விலகி, அப்பாவின் இயந்திரக் கருவி நிறுவனத்தில் சில வருடம் வேலை பார்த்தார். பிறகு திரும்பி வந்து செய்த வேலைக்கு 2014-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. அதில் முனையும் இல்லை, இடைவெளியும் இல்லை. ஆனால் அந்த முறைக்கு ஒளிரும் மூலக்கூறுகள் வேண்டும். உலோகத் துணுக்கில் புலம் எப்படிப் பரவுகிறது என்று பார்க்க வேண்டுமானால் இன்னும் இந்த ஊசிதான்.

கடைசியாக ஒன்று. உண்மையான தூரத்தை நானோமீட்டரில் தெரிந்துகொள்ள வழியே இல்லையா?

நகர்வு தெரியும், தொடக்கப் புள்ளி தெரியாது. பீசோவை அளவுதிருத்திவிட்டால் 10 நானோமீட்டர் தூக்கினேன் என்று நம்பிச் சொல்லலாம். எங்கிருந்து தூக்கினேன் என்பதுதான் சிக்கல். நான் செய்வது: மதிப்பில்லாத ஒரு மூலைக்குப் போய், ஆட்டம் முழுக்க நிற்கும்வரை முனையை இறக்குவேன். அந்த இடத்தைப் பூச்சியம் என்று வைத்து, 90 சதவீதத்துக்குத் திரும்பும் இடம் வரை எண்ணுவேன். எங்கள் முனைகளில் பெரும்பாலும் 8 முதல் 15 வரும். அதோடு துகளின் உயரத்தைக் கூட்ட வேண்டும், அதை முனையை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பக்கவாட்டில் பார்த்தால்தான் சொல்ல முடியும். அதையும் ஸ்கேனுக்கு முன் பார்க்காமல் பின்னால் பாருங்கள். எலெக்ட்ரான் கற்றை முனையின்மேல் கார்பனைப் படிய வைத்துவிடும், அப்புறம் இன்னொரு முனையை ஒட்ட வேண்டியதுதான்.